நாற்பது பேர் சேராத வெள்ளிக்கிழமை

அன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. நான் குசினியில் நின்று பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு பள்ளிவாசலின் பின்சுவரோடு ஒட்டியது. பெண்கள் பள்ளிக்குப் போகும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. அதனால் என் கணவர் ஒரு வயரை இழுத்து, குசினிச் சுவரில் சின்னதாக ஒரு ஸ்பீக்கர் மாட்டித் தந்திருந்தார். அவர் அந்தப் பள்ளியின் மௌலவி. வெள்ளிக்கிழமைகளில் அவர் பேசியதையெல்லாம் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டும் சோறு வடித்துக்கொண்டும்தான் கேட்டேன்.

அன்று பேச்சு தொடங்க வேண்டிய நேரம் தாண்டிப் போயிற்று. ஸ்பீக்கரில் யாரோ இருமினார்கள். யாரோ மைக்கை நகர்த்தினார்கள். பிறகு அவருடைய குரல்.

"நாங்க நாப்பது பேர் சேரல்ல. இன்னைக்கு ஜும்ஆ இல்ல. எல்லாரும் எழும்புங்க, ளுஹர் தொழுவோம்."

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகைக்குப் பதிலாக, மற்ற நாட்களின் மதியத் தொழுகை. ஓடுகளில் மழை விழும் சத்தம் மட்டும் ஸ்பீக்கர் வழியாகவும் கேட்டது, என் தலைக்கு மேலும் கேட்டது. தாச்சியில் கடுகு கருகிவிட்டது. நான் அடுப்பை அணைக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் கீரை கொண்டுவரும் பாக்கியம் பின்கதவில் வந்து நின்றாள். மேல் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில், இருப்பவள். கொழுந்து எடுக்காத நாட்களில் வீட்டுத் தோட்டத்துக் கீரையைக் கடைவீதியில் விற்பாள்.

"என்னங்க மௌலவியம்மா, இன்னைக்கு ஐயா பேச்சக் காணோம்? ஒடம்புக்கு முடியலிங்களா?"

"இல்ல பாக்கியம். ஆள் சேரல்ல."

"ஆளு சேரலியா? வெள்ளிக்கெழமையிலயா?" என்றாள். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

ஏன் நாற்பது

அந்த ஊர் இலங்கை மலைநாட்டில், ராகலையிலிருந்து வலப்பனைக்கு இறங்கும் பாதையில் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் பெண் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே தெரு. இரண்டு பக்கமும் கடைகள். அதற்கு மேலே எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை.

கடைகளில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்களுடையவை. ஹார்ட்வெயார், புடவைக் கடை, சில்லறைக் கடை, இரண்டு சாப்பாட்டுக் கடை. எல்லாக் குடும்பங்களையும் கூட்டினாலும் பெரிய ஆண்கள் ஐம்பது அறுபது பேர்தான் வருவார்கள்.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஊரில் குடியிருக்கும் ஆண்கள் நாற்பது பேராவது சேர வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றும் சட்டம். குறைவாக இருந்தாலும் கூடும் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. ஆனால் அந்தப் பள்ளியில் தொடக்கத்திலிருந்தே நாற்பதுதான். வழியில் போகிற லொறிக்காரர்களைக் கூப்பிட்டு நிறுத்தினாலும் கணக்கில் வராது.

நான் குருநாகல் பக்கத்துக்காரி. தென்னந்தோப்பும் வெயிலும் பார்த்து வளர்ந்தவள். இந்தக் குளிருக்கு வந்த புதிதில், தொழுவதற்காகக் கைகால் கழுவி ஒளு எடுக்கும்போது முழங்கைக்குக் கீழே கை இருப்பதே தெரியாது. அப்போது எனக்குச் சூடு கொடுத்தவர் மர்ழியா ராத்தா. அக்காவை எங்கள் ஆட்கள் ராத்தா என்போம்.

மர்ழியா ராத்தா ஹார்ட்வெயார் கடை ஹாஜியாரின் மனைவி. ஹாஜியார்தான் பள்ளித் தலைவர். நான் வந்த மூன்றாவது நாளே ராத்தா ஒரு கம்பளிப் போர்வையோடு வந்தார். "இது பழசு தங்கச்சி, ஆனா புதுசவிடச் சூடு" என்றார். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுததும் வருவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதைப் பற்றி அந்த ஊரில் ஒரு தடவைகூட என்னிடம் கேட்காத ஒரே பெண் அவர்தான். தன்னுடைய ஒரே மகன் இர்ஃபானைப் பற்றி என்னிடம் பேசும்போதுகூட, பார்த்துப் பார்த்துத்தான் பேசுவார்.

அவரைப் பார்த்து மற்றப் பெண்களும் வந்தார்கள். சிறு பெண் பிள்ளைகள் ஓத வந்தார்கள். மாலையில் எங்கள் முன்னறையில் செருப்பு வைக்க இடமிருக்காது.

லயத்திலிருந்தும் வருவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், பிள்ளை தூக்கத்தில் பயந்து அழுகிறது என்று போத்தலில் தண்ணீரோடு வருவார்கள். என் கணவர் ஓதி ஊதிக் கொடுப்பார். "ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோங்க" என்று சொல்லி அனுப்புவார். பாக்கியம் எனக்கு அறிமுகமானதே அப்படித்தான்.

அந்தப் பேச்சு

குண்டுகள் வெடித்த அந்த 2019 உயிர்த்த ஞாயிறுக்கு ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ முன்பு, ஊர்ப் பொடியன்மார் சிலர் வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளரைக் கூட்டிவந்தார்கள். பள்ளியில் இல்லை, புடவைக் கடை மேல்மாடியில். இர்ஃபானும் அவர்களில் ஒருவன். அப்போது அவன் படிப்பு முடிந்து வாப்பாவின் கடையில் இருந்தான்.

அந்த ஆள் நன்றாகப் பேசுவார் என்றார்கள். தீபாவளிப் பலகாரம் வாங்கிச் சாப்பிடுவது பாவம், மற்ற மதத்து ஆளைப் பார்த்துச் சிரிப்பது பாவம் என்று சொன்னாராம். தண்ணீர் ஓதிக் கொடுப்பதைப் பற்றியும் கிண்டல் செய்தாராம். அவர் போன பிறகும் அவருடைய வீடியோக்கள் போனுக்குப் போன் சுற்றின. கிண்டல் எல்லாம் முன்பக்கத்துக்குத்தான். உள்ளே போகப் போக இரத்தம் சிந்துவதைப் பற்றிய பேச்சாக இருந்தது. என் கணவருக்கு யாரோ ஒன்றை அனுப்பினார்கள். அவர் அதை முழுதாகப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, நான் குசினியில் நின்று கேட்டேன்.

"சிரிக்கிறது பாவம்னு தொடங்குவாங்க. கூடச் சாப்பிடுறது பாவம்னு சொல்லுவாங்க. கடைசியில, கொல்றது நன்மைன்னு கொண்டுபோய் விடுவாங்க. அது எங்கட மார்க்கம் இல்ல. ஒரு பாவமும் அறியாத மனுசன்ட உயிரை எடுக்கலாம்னு சொல்றவன், தாடி வெச்சாலும் சரி, அரபில பேசினாலும் சரி, எங்கட ஆள் இல்ல. அப்படிப் பேசுறவன் என்ட மகனா இருந்தாலும் நான் பொலிசுக்குச் சொல்லுவேன். நீங்களும் சொல்லுங்க."

பிறகு வழக்கம்போலத் துஆவும் தொழுகையும். ஸ்பீக்கரில் வித்தியாசமாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தொழுகை முடிந்ததும் ஆட்கள் பேசிக்கொண்டே கலைகிற இரைச்சல் வழக்கமாக வரும். அன்று செருப்புச் சத்தம் மட்டும்தான் வந்தது.

சாயங்காலத்துக்குள் தெருவில் ஒரு சொல் நடந்துகொண்டிருந்தது. காட்டிக் கொடுக்கிற மௌலவி. அதோடு இன்னொன்றும் சொன்னார்கள். அதை என்னிடமே வந்து ஒரு பெண் சொன்னாள்.

"புள்ள இல்லாதவருக்கு அப்படிச் சொல்றது லேசு."

அடுத்த கிழமை பொடியன்மார் பள்ளிக்கு வரவில்லை. புடவைக் கடை மேல்மாடியிலேயே தொழத் தொடங்கினார்கள். அவர்களுடைய மாமன், மச்சான் என்று இன்னும் சிலர் போனார்கள். சண்டை வேண்டாம் என்று இன்னும் சிலர் வெள்ளிக்கிழமைகளில் வேறு ஊருக்குப் போனார்கள். இரண்டு மாதத்தில் நாற்பது இல்லாமல் போயிற்று.

திரைச்சீலைக்குப் பின்னால்

அந்த மழை வெள்ளிக்கிழமை என் கணவர் நனைந்து வீட்டுக்கு வந்தார். இரண்டு எட்டு வைத்தால் வீடு. ஆனாலும் தோள் முழுக்க ஈரம். எங்கேயோ மழையில் நின்றிருக்கிறார். கருகிய பருப்பைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டார். கருகியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பின்னேரம் ஹாஜியார் வந்தார். எங்கள் ஆட்கள் என் கணவரை ஹஸ்ரத் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன்.

"ஹஸ்ரத், அந்தப் பொலிஸ் கதைய மட்டும் கொஞ்சம் திருத்திச் சொல்லுங்க. கோவத்துல வாயில வந்திட்டுதுன்னு சொன்னாப் போதும். பொடியன்மார் வந்திருவாங்க."

"கோவத்துல வரல்ல ஹாஜியார். ரெண்டு கிழமை யோசிச்சுத்தான் சொன்ன."

"உங்களால எங்கட ஊர்ல ஜும்ஆ நிண்டு போச்சு. அது தெரியுதா உங்களுக்கு?"

வெளியே கூரைப் பீலியிலிருந்து தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது.

"தெரியுது. ராவைக்குப் படுத்தா அதுதான் நெஞ்சில ஈக்குது. ஆனா சொன்னத எடுக்க ஏலாது. எடுத்தா, அந்த ஆள் சொன்னதுதான் சரியாக்கும்னு அந்தப் புள்ளைகள் நினைக்கும்."

ஹாஜியார் தேத்தண்ணி குடிக்காமல் போனார். அவர் மனதில் மகன்தான் இருந்தான் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அன்று என் கணவர் 'சரி' என்று சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. கோப்பையை எடுக்கப் போனபோது கேட்டேன்.

"இஞ்சே, ஒரு வார்த்தைதானே?"

"எந்த வார்த்தைய எடுக்கச் சொல்ற? நீயே சொல்லு, எடுக்கிறேன்."

அந்தப் பேச்சை நான் ஒரு தடவை முழுக்க மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எடுக்கிறதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர் பஸ் ஏறி வலப்பனைக்குப் போய், வேறொருவரின் பேச்சைக் கேட்டு, கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டு வந்தார். மர்ழியா ராத்தா வருவது நின்றது. அவர் நின்றதும் மற்றவர்களும் நின்றார்கள். ஓத வந்த பிள்ளைகள் குறைந்து குறைந்து, கடைசியில் பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினாரின் பேத்தி மட்டும் வந்தாள். பிறகு அவளுக்கும் தனியாக வர வெட்கமாயிற்று.

தனிமை என்றால் அழுகையாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கடைக்குப் போனால் சாமான் தருவார்கள், சலாமுக்குப் பதில் சொல்வார்கள். யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் நான் உள்ளே போகும்போது நடந்துகொண்டிருந்த பேச்சு, நான் வெளியே வந்த பிறகுதான் மறுபடி தொடங்கும். வெள்ளிக்கிழமை மதியம் அந்த ஸ்பீக்கர் சுவரில் சும்மா தொங்கும். சில நாட்களில் நான் என்னோடு நானே சத்தமாகப் பேசிக்கொண்டேன், இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. யாருக்கும் மறக்கவில்லை. தேவாலயங்களில், ஹோட்டல்களில் குண்டுகள். செய்தி வர வர என் கணவர் டீவிக்கு முன்னால் தரையிலேயே இருந்துவிட்டார்.

"இன்னும் சத்தமாப் பேசியிருக்கணும்" என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் பாக்கியத்தின் அண்ணன் மகள் இறந்துவிட்டாள் என்று தெரிந்தது. கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்த பிள்ளை. சைவப் பிள்ளைதான், கூட வேலை செய்கிற தோழியோடு அன்று தேவாலயத்துக்குப் போயிருக்கிறாள்.

பெட்டி வந்த அன்று ஹாஜியார் ஆள் அனுப்பினார். யாரும் தொப்பியோடு வெளியே போக வேண்டாம் என்று. என் கணவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார். நானும் முக்காட்டை இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். தேயிலைக்கு நடுவே ஏறும் அந்தப் பாதையில் எங்களுக்கு முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

லயத்து வாசலில் அந்தப் பிள்ளையின் அப்பா நின்றார். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் அவர் கையைக் கூப்பிவிட்டார்.

"மௌலவி ஐயா, ஒங்கள நான் ஒண்ணும் சொல்லல. நீங்க பேசினது எனக்குத் தெரியும், பாக்கியம் சொல்லியிருக்கு. ஆனா இன்னைக்கு இந்தத் தொப்பிய என்னால பாக்க முடியலிங்க. போயிருங்க."

உள்ளேயிருந்து பெண்களின் ஒப்பாரி. பாக்கியத்தின் முதுகு தெரிந்தது. அவள் திரும்பவில்லை.

என் கணவர் தலையைக் குனிந்து, "சரிங்க" என்றார். நாங்கள் திரும்பினோம். இறக்கத்தில் அவர் ஒரு தடவை சறுக்கினார். கையைப் பிடித்தேன். கடைவீதி வரும்வரை விடவில்லை.

அந்த நாட்களில் பள்ளியைச் சோதித்தார்கள், கடைகளைச் சோதித்தார்கள். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து ஸீட் காலியாகவே வந்தது. சில கிழமை கழித்து சந்தியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். விகாரைப் பிக்கு ஹாமுதுரு, கோயில் ஐயர், பாதர், பொலிஸ் பெரியவர் எல்லாரும் வந்திருந்தார்கள். என் கணவரைப் பேசச் சொன்னார்கள். அவர் பள்ளியில் பேசியதையே பேசினார், தமிழில் ஒரு முறை, தெரிந்த சிங்களத்தில் ஒரு முறை. கை தட்டினார்கள். முன்வரிசையில் ஹாஜியாரும் தட்டினார்.

கை தட்டியவர்களில் யாரும் வீட்டுக்கு வரவில்லை.

மேல்மாடி அறையைப் பூட்டிவிட்டார்கள். போனவர்கள் பள்ளிக்குத் திரும்பினார்கள். ஜும்ஆ மறுபடி நடந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவருக்கு இல்லை.

"பயத்துல வந்து நிக்கிறாங்க. பயம் போன பிறகு எங்க நிப்பாங்க?" என்றார்.

மர்ழியா ராத்தா வந்தார்

நோன்பு நடந்துகொண்டிருந்த ஒரு நாள் இர்ஃபானை விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். வேறு யாருடையவோ போனில் அவனுடைய நம்பர் இருந்ததாம்.

கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்குப் பிறகு மர்ழியா ராத்தா எங்கள் வாசலில் நின்றார். இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்பு.

"ஹஸ்ரத் ஈக்கிறாரா?"

என் கணவர் முன்னறையில் ஓதிக்கொண்டிருந்தார். ராத்தா உட்காரவில்லை.

"என்ட மகன்ட பேர நீங்களா குடுத்தீங்க?"

"இல்ல ராத்தா."

ராத்தாவின் முகம் கொஞ்சம் இளகியது. அத்தோடு என் கணவர் நிறுத்தியிருக்கலாம். எனக்கு அவரைத் தெரியும், நிறுத்த மாட்டார்.

"ஆனா என்கிட்டக் கேட்டிருந்தா, அந்தப் பேச்சுகளக் கேட்டுட்டுத் திரிஞ்சத நான் சொல்லியிருப்பேன்."

ராத்தா என்னைப் பார்த்தார். "ராத்தா" என்று மட்டும் சொன்னேன். அவர் போய்விட்டார்.

மறுநாள் யாரும் கூப்பிடாமல் என் கணவர் பொலிசுக்குப் போனார். அந்தப் பிள்ளை பிழையான பேச்சுகளைக் கேட்டான், பள்ளியை விட்டும் போனான், அதற்கு மேல் அவன் ஒன்றும் செய்ததாக எனக்குத் தெரியாது, சின்ன வயதிலிருந்து எனக்குப் பின்னால் நின்று தொழுதவன் என்று சொன்னார். அதற்குப் பிறகும் பல நாட்கள் போய் அதையே சொன்னார். அதைக் கேள்விப்பட்டு, கூட்டத்தில் கை தட்டியவர்களில் சிலர் இப்போது, 'பார்த்தியா, அவங்களக் காப்பாத்தப் போறார்' என்றார்கள். ஊருக்குள் அவர் இன்னும் காட்டிக் கொடுத்தவர்தான். இரண்டு பக்கத்திலும் அவருக்கு ஒரு நாற்காலி போட ஆள் இல்லை.

பெருநாள் முடிந்து நாளாகித்தான் இர்ஃபானை விட்டார்கள். மெலிந்து போயிருந்தான். யாரோடும் பேசவில்லை. ஒரு விடியற்காலையில் தொழ வந்து, பின்வரிசையில் நின்று, சலாம் கொடுத்ததும் எழும்பிப் போய்விட்டான் என்று என் கணவர் சொன்னார்.

மர்ழியா ராத்தா மறுபடி வந்தார். இந்தத் தடவை குசினிப் பக்கமாக. நான் முக்காலியை இழுத்துப் போட்டேன். ராத்தா அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி."

"என்ன ராத்தா?"

"அவன் போன்ல அதெல்லாம் போட்டுக் கேக்குறது. அந்த ஆள் கத்துவான், அறுக்கணும், வெட்டணும்னு. நான் கதவடில நிண்டு கேட்டிருக்கேன், எத்தனையோ நாள். ஏதும் சொன்னா வீட்ட விட்டுப் போயிருவாண்டு பயம். வாய மூடிட்டு, கீழ போய் அவனுக்கு ரொட்டி சுட்டேன்."

நான் அவர் கையைத் தொட்டேன். அவர் இழுத்துக்கொள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை. தேத்தண்ணி குடித்தார். போனார். பழைய மாதிரி தினமும் வருவார் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை.

மரண வீட்டில்

அந்த வருடம் முடிவதற்குள் மோதினாரின் மனைவி மௌத்தானார். மூன்றாம் நாள், அஸருக்குப் பிறகு, பெண்கள் எல்லாரும் கூடி ஓதினோம். நான் வழக்கம்போலச் சுவரோரம் இருந்தேன். ராத்தா நடுப் பாயில், எப்போதும் போல ஹாஜியார் மனைவிக்குரிய இடத்தில்.

ஓதி முடிந்து, பிளேன்டீ வருவதற்குள், ராத்தா எழும்பி நின்றார். அந்த ஊரில் பெண்கள் எழுந்து நின்று பேசுவதில்லை. என்னவோ வேண்டும் போல என்று யாரோ தண்ணீர்ச் செம்பை எடுத்தார்கள்.

"எல்லாரும் கேளுங்க" என்றார். "உங்கட புள்ளைகள்ட போன எடுத்துப் பாருங்க. கதவடில நிண்டு கேக்காதீங்க, உள்ளுக்குப் போங்க. ஹஸ்ரத் சொன்ன நேரம் நான் அவரை ஏசினேன். புள்ள இல்லாதவர்னு சொன்னேன். நான்தான் முதல்ல சொன்ன. அந்தப் பேச்செல்லாம் என்ட வீட்ல, என்ட கூரைக்குக் கீழ ஓடிச்சு. எனக்குத் தெரியும். நான் பேசல்ல. மேல் லயத்துல ஒரு புள்ள மௌத்தாப் போச்சு. என்ட மகன் அதச் செய்யல்ல. ஆனா அத நல்லதுண்டு சொன்னவன்ட பேச்சுக்கு நான் ரொட்டி சுட்டுக் குடுத்தேன்."

'புள்ள இல்லாதவர்' என்ற அந்தச் சொல் யாரிடமிருந்து புறப்பட்டது என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. யோசிக்கப் பயந்திருப்பேன்.

ராத்தா உட்கார்ந்தார்.

முதலில் அவருக்கு இடப்பக்கம் இருந்த பெண், பிள்ளையைத் தூக்குகிற மாதிரி எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். பிறகு வலப்பக்கம் இருந்தவள் கொஞ்சம் நகர்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் நகர்ந்தாள். ஒருவரும் ஒரு தகாத வார்த்தை சொல்லவில்லை. ஓதும் புத்தகங்களை அடுக்கினார்கள், முக்காட்டைச் சரிசெய்தார்கள். கொஞ்ச நேரத்தில் நடுப் பாயில் ராத்தா மட்டும் இருந்தார். சுற்றிலும் பாயின் பச்சைக் கோடுகள் தெரிந்தன. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் சுவரை விட்டு எழுந்தேன். கால் மரத்துப் போயிருந்தது. எல்லாரும் பார்க்க நடந்து போய் அவருக்குப் பக்கத்தில், முழங்கால் முட்ட, உட்கார்ந்தேன்.